ஆங்கில ஆராதனை எப்படி வந்தது: சபை மலர்களில் அடிக்கடி பார்க்கும் தவறுகள்

எங்கள் பக்கத்துச் சபைகள் நூற்றாண்டு விழா, நூற்றைம்பதாம் ஆண்டு விழா என்று மலர் போடும்போது கட்டுரைகளைத் திருத்தித் தரச்சொல்லி எனக்கு அனுப்புவார்கள். சம்பளம் கிடையாது, அசனத்தில் ஒரு இலை உண்டு. ஆலயம் கட்டிய கதை, மணி வந்து சேர்ந்த கதை எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சண்டை போட்டாவது ஆண்டைச் சரிபார்த்துவிடுவார்கள். "நம் வழிபாட்டின் வரலாறு" என்று இரண்டு பக்கம் வரும் பாருங்கள், அங்கேதான் சிவப்புப் பேனாவுக்கு வேலை. அதில் இந்த மாதிரி ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: எட்டாம் ஹென்றி மன்னர் விவாகரத்துக்காக ரோமாபுரியை விட்டுப் பிரிந்து, 1549ல் ஜெபப் புத்தகத்தை வெளியிட்டு, ஆங்கிலத்தில் ஆராதனையை ஏற்படுத்தினார்.

ஜெபப் புத்தகம் என்பது இங்கிலாந்துத் திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன் சபையின், ஆராதனை முறைமைகள் அடங்கிய புத்தகம். 1549ல் ஹென்றி உயிரோடு இல்லை. அது ஒன்று. மற்றவை அதைவிடச் சுவாரசியமானவை.

நானும் இதில் சறுக்கியவன்தான். இளைஞர் கூடுகைக்கு வினாடி வினா தயாரித்தபோது, "ஆங்கிலத்தில் நடந்த முதல் பொது வழிபாடு எந்த ஆண்டு?" என்று கேட்டு, விடை 1549 என்று போட்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவர், "தம்பி, அப்ப லித்தானியா எங்க போச்சு?" என்றார். லித்தானியா என்றால் ஒருவர் வேண்டுதல்களைச் சொல்ல, சபை மறுமொழி சொல்லும் மன்றாட்டு. பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தது அன்றுதான்.

ஹென்றியின் தலையில் கட்டுவது

1534ல் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவர் தாமே என்று ஹென்றி சட்டம் கொண்டுவந்தார். போப்பாண்டவரின் அதிகாரம் போயிற்று. வழிபாடு அப்படியே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே பீடம், அதே அங்கி, அதே இலத்தீன் பூசை. போப்புக்காகச் செய்யும் ஜெபத்தை மட்டும் வெட்டச் சொன்னார்கள். 1539ல் ஹென்றி கொண்டுவந்த ஆறு பிரிவுச் சட்டத்தைப் படித்தால், அப்பம் கிறிஸ்துவின் சரீரமாகவே மாறுகிறது, குருக்கள் மணமுடிக்கக் கூடாது என்று பழைய போதனைகளைத் தண்டனையோடு சேர்த்து உறுதிப்படுத்தியிருக்கிறார். 1547 ஜனவரி 28ல் அவர் இறந்தபோது, தம் ஆத்துமாவுக்காக வின்சரில் பூசை நடக்க வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்துவிட்டே போனார். சீர்திருத்தவாதி எழுதுகிற உயிலா அது?

"விவாகரத்து" என்ற சொல்லும் சரியில்லை. முதல் மனைவி கத்தரீனுடன் நடந்த திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று அறிவிக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. மலரில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கத் தேவையில்லை, சொல்லை மாற்றினால் போதும்.

ஹென்றி காலத்தில் ஆங்கிலத்துக்குக் கிடைத்த இடம் வாசிப்பில். ஒவ்வொரு ஆலயத்திலும் பெரிய அளவு ஆங்கில வேதாகமம் ஒன்று வைக்க வேண்டும் என்று 1538ல் உத்தரவு போனது. அடுத்த ஆண்டு அதற்கென்றே "பெரிய வேதாகமம்" என்ற பதிப்பு அச்சாகி வந்தது. 1543ல், ஞாயிறுகளிலும் பண்டிகை நாட்களிலும் அதிலிருந்து ஒரு அதிகாரம் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடானது. அதாவது காதில் விழுவது ஆங்கிலம், கடவுளிடம் பேசுவது இலத்தீன். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் கதையே மாறிவிடும்.

லித்தானியாவைத் தாண்டிக் குதிப்பது

இப்போது அந்தக் குருவானவர் கேட்ட கேள்விக்கு வரலாம்.

1544 கோடையில் ஹென்றி பிரான்சின் மீது படையெடுக்கத் தயாரானார். போர் என்றால் ஊர் ஊராகப் பவனி போய், மன்றாட்டுப் பாடுவது வழக்கம். ஜனங்கள் வரவில்லை. வந்தவர்களும் ஏனோதானோவென்று நடந்தார்கள். இதற்குக் காரணம் சொல்லி, மன்னர் பெயரில் கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது: பாடுவதும் சொல்லுவதும் ஒன்றுமே புரியாததால்தான் ஜனங்கள் அசட்டையாக இருக்கிறார்கள், ஆகவே நம் தாய்மொழியில் மன்றாட்டு வெளியிடுகிறோம். ஆங்கிலத்தில் பொது ஜெபம் ஆலயத்துக்குள் வந்தது இந்த வழியில். இறையியல் விவாதம் முடிந்து வந்ததைவிட, போருக்கான பவனிக்கு ஆள் சேராத கவலையில் வந்தது என்று சொன்னால் தவறாகாது.

கிரான்மர் அந்த லித்தானியாவைச் செய்த விதத்தைக் கவனியுங்கள். அடித்தளம், இங்கிலாந்தில் வழங்கிய பழைய இலத்தீன் முறைகளில் ஒன்றான சால்ஸ்பரி முறையின் மன்றாட்டு. ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தரின் லித்தானியாவிலிருந்து நிறைய எடுத்திருக்கிறார். கடைசியில் வருகிற, இரண்டு மூன்று பேர் கூடிக் கேட்டால் தருவேன் என்ற வாக்கை நினைவூட்டும் ஜெபம், கிரேக்கத் திருச்சபையில் கிறிசோஸ்தோம் பெயரில் வழங்குகிற வழிபாட்டிலிருந்து வந்தது. நீண்ட வரிசையாகப் பெயர் சொல்லிப் புனிதர்களைக் கூப்பிடும் பகுதியை மூன்றே வேண்டுதல்களாகச் சுருக்கினார். 1549ல் அந்த மூன்றும் போயின. ரோம் ஆயரின் கொடுங்கோன்மையிலிருந்தும் அவருடைய அருவருப்பான அக்கிரமங்களிலிருந்தும் எங்களை இரட்சியும் என்று ஒரு வரியும் இருந்தது. ரோம் ஆயர் என்றால் போப்பாண்டவர்தான். 1559ல் எலிசபெத் அரசி அதை எடுத்துவிட்டார். மலரில் யாராவது அந்த வரியைக் காட்டி "இன்றும் ஜெபிக்கிறார்கள்" என்று எழுதினால் உடனே அடித்துவிடுங்கள்.

இதையொட்டி மன்னருக்குக் கிரான்மர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ராகத்தை இழுத்து ஒரே அசைக்குப் பத்துச் சுரம் போட வேண்டாம், கூடியவரை ஒரு அசைக்கு ஒரு சுரம் இருந்தால் ஜனங்கள் புரிந்து பாடுவார்கள் என்கிறார். கூடவே, தம்முடைய ஆங்கிலப் பாட்டு வரிகளில் தாம் விரும்பும் நயமும் சரளமும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆங்கில உரைநடைக்கே ஓசை கற்றுக்கொடுத்தவர் என்று பின்னால் புகழப்பட்ட மனிதர் இவர். எனக்கு இவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

அப்புறமும் படிப்படியாகவே நடந்தது. 1547ல் ஒன்பது வயது ஆறாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்ததும், பூசையில் நிருபமும் சுவிசேஷமும் ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டன. 1548 ஈஸ்டர் சமயத்தில் இன்னும் வேடிக்கையான ஏற்பாடு: பூசை முழுவதும் இலத்தீன், குருவானவர் தாம் உட்கொண்டு முடித்ததும் திரும்பி நின்று, ஜனங்களுக்கான புத்திமதி, பாவ அறிக்கை, பாவமன்னிப்பு, அப்பமும் ரசமும் கொடுத்தல் எல்லாம் ஆங்கிலம். ஒரே ஆராதனைக்குள் இரண்டு மொழி. இந்த ஓராண்டுக் கலவையைச் சொல்லாமல் விட்டால், ஒரு சனிக்கிழமை இரவு இலத்தீனில் படுத்தவர்கள் ஞாயிறு காலை ஆங்கிலத்தில் எழுந்த மாதிரி ஆகிவிடும்.

முழுப் புத்தகம் 1549 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சட்டமாகி, ஜூன் 9, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று கட்டாயமானது. இலண்டனில் சில ஆலயங்கள் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டன.

அதற்கு முன் ஆங்கிலமே இல்லை என்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. சீர்திருத்தத்துக்கு முன் ஆலயத்தில் ஆங்கிலச் சத்தமே கேட்டதில்லை என்று எழுதுவார்கள். கலியாணத்தை மறந்துவிடுகிறார்கள்.

மணமக்கள் கொடுக்கும் வாக்குறுதி பழைய இலத்தீன் முறைமைப் புத்தகங்களிலேயே ஆங்கிலத்தில்தான் அச்சிடப்பட்டிருந்தது. காரணம் தெளிவானது. திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதம். புரியாத மொழியில் சம்மதம் சொல்ல முடியுமா? ஆகவே சுற்றிலும் இலத்தீன் ஓட, நடுவில் இந்த நாள் முதல், நன்மையிலும் தீமையிலும், செல்வத்திலும் வறுமையிலும், சுகத்திலும் வியாதியிலும் என்ற ஆங்கில வரிகள் நின்றன. மணமகள் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும்: படுக்கையிலும் பந்தியிலும் இனிமையாகவும் இணக்கமாகவும் இருப்பேன். 1549ல் அது போய், அன்புகூர்ந்து, பேணி, கீழ்ப்படிவேன் என்றானது. மணமகனும் அன்புகூர்ந்து பேணுவேன் என்று சொல்லும்படி சேர்த்தார்கள். ரகசியமாக மனைவியோடு வாழ வேண்டியிருந்த கிரான்மரின் கை இதில் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும். அது என் ஊகம், மலரில் போட வேண்டாம்.

மரணம் நம்மைப் பிரிக்கும் வரைக்கும் என்ற வரியில் இன்னொரு சிக்கல். பழைய வடிவம் "டில் டெத் அஸ் டிபார்ட்". அந்தக் காலத்தில் "டிபார்ட்" என்றால் பிரித்தல். நூறு வருடத்தில் அந்தச் சொல்லின் பொருள் "புறப்படுதல்" என்று நகர்ந்துவிட்டதால், 1662ல் "டூ பார்ட்" என்று மாற்றினார்கள். ஒலி ஏறக்குறைய அதே, பொருளும் தப்பியது. திருத்துகிறவன் என்ற முறையில் இதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பூசைக்கு நடுவே பிரசங்க மேடையிலிருந்து இன்னாருக்காக ஜெபியுங்கள் என்று குருவானவர் பெயர் சொல்லுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. வீட்டு ஜெபத்துக்கான புத்தகங்கள் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் கைப்பிரதிகளாகச் சுற்றின. வேதாகமத்தை அனுமதியில்லாமல் மொழிபெயர்ப்பதற்கு 1409ல் பேராயர் அருண்டேல் போட்ட தடையையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும். ஆங்கிலம் வாசல்வரை வந்து நின்றுகொண்டிருந்தது, உள்ளே எதுவரை விடலாம் என்பதுதான் தகராறு.

"கிரான்மர் எழுதிய புத்தகம்"

எழுதினார் என்பதைவிடச் சேர்த்தார், வெட்டினார், பெயர்த்தார் என்று சொல்லலாம். அவர் கையில் இருந்தவை சால்ஸ்பரி முறை என்கிற சேரம் வழிபாட்டுப் புத்தகங்கள். கொலோன் பேராயர் ஹெர்மன் வான் வீட் வெளியிட்ட சீர்திருத்த முறைமையிலிருந்து 1548ன் ஆங்கிலப் பகுதிகள் பல வந்தன. இன்னொரு பெயரைச் சொன்னால் நம் ஆட்கள் புருவம் உயர்த்துவார்கள்: கர்தினால் கின்யோனெஸ். ஸ்பெயின்காரர். போப்பின் வேண்டுகோளின்படி குருக்களின் தினசரி ஜெபப் புத்தகத்தைச் சுருக்கி 1535ல் வெளியிட்டவர். வேதாகமத்தை விட்டுவிட்டுப் புனிதர் கதைகளை வாசிக்கிறோமே என்பது அவர் ஆதங்கம். கிரான்மரின் முன்னுரை பல இடங்களில் அவருடைய முன்னுரையைப் பின்தொடர்கிறது. ரோமை எதிர்த்து வந்த புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ரோமின் கர்தினால் இருக்கிறார்.

அந்த முன்னுரையில் ஒரு புகார் உண்டு. எந்த நாளுக்கு எதை வாசிப்பது என்ற விதிகள் அவ்வளவு சிக்கலாகிவிட்டன, வாசிக்க வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை, கண்டுபிடித்ததை வாசிக்கிற வேலையைவிடப் பெரிதாக இருக்கிறதாம். ஞாயிறு காலையில் பாட்டு எண்ணையும் சங்கீதத்தையும் தேடிப் பக்கம் புரட்டுகிற எவருக்கும் இது புரியும். சால்ஸ்பரி, ஹெர்போர்டு, பாங்கர், யார்க், லிங்கன் என்று இடத்துக்கு ஒரு முறை இருந்ததை ஒழித்து, நாடு முழுவதற்கும் ஒரே முறை என்று அறிவித்ததும் அங்கேதான். மொழி மாற்றத்தை மட்டும் எழுதி இந்த ஒருமைப்படுத்தலை விட்டுவிடுவது பெரிய விடுபடல். அரசுக்கு ஆங்கிலத்தைவிட இதில்தான் அக்கறை அதிகம் என்று வாதிடலாம்.

ஒரு ஜெபத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். சர்வவல்லமையுள்ள தேவனே, எல்லா இருதயங்களும் உமக்குத் திறந்திருக்கின்றன, எல்லா ஆசைகளும் தெரிந்திருக்கின்றன, எந்த இரகசியமும் உமக்கு மறைவானதல்ல என்று நற்கருணை ஆராதனையின் ஆரம்பத்தில் வருகிறதே, அது பழைய இலத்தீன் ஜெபம். சால்ஸ்பரி முறையில் குருவானவர் பூசைக்கு முன் அங்கி அணிந்து தயாராகும் நேரத்தில் தமக்காகச் சொல்லிக்கொண்டது. கிரான்மர் அதில் பெரிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. அதைச் சபை கேட்கும் இடத்துக்குக் கொண்டுவந்து ஆங்கிலத்தில் வைத்தார். குருவானவர் தம் நெஞ்சைச் சுத்தப்படுத்தக் கேட்டது, சபை முழுவதின் விண்ணப்பமாயிற்று. அந்தந்த ஞாயிறுக்கான சுருக்கமான ஜெபங்களில் பெரும்பாலானவையும் இப்படி இலத்தீனிலிருந்து வந்தவைதான். வேதவாக்கியங்களைக் கேட்டு, வாசித்து, குறித்துக்கொண்டு, கற்று, உள்வாங்கிச் செரிக்க அருள்செய்யும் என்கிற அட்வெந்து இரண்டாம் ஞாயிறு ஜெபம் போலச் சில மட்டும் புதிதாக எழுதப்பட்டவை.

இன்னொரு வழக்கமான விளக்கம்: ஜெபப் புத்தகத்தில் இரண்டிரண்டு சொல்லாக வருவது, ஒன்று ஏழைகளுக்குப் புரியும் பழைய ஆங்கிலம், மற்றது படித்தவர்களுக்கான பிரெஞ்சுச் சொல் என்பதால்தானாம். சில இணைகளுக்குப் பொருந்தும். பாவங்களும் அக்கிரமங்களும் என்று வரும் "சின்ஸ் அன்ட் விக்கட்னெஸ்" போன்றவற்றில் இரண்டுமே ஆங்கிலச் சொற்கள். உண்மையில் அது காதுக்கான உத்தி. பெரும்பாலோர் கையில் புத்தகம் கிடையாது, கேட்டுத்தான் ஜெபிக்க வேண்டும். ஒரு சொல் இருமலில் போனாலும் மறு சொல் பிடித்துக்கொள்ளும். நோய்நொடி, வாடிவதங்கி, அழுதுபுலம்பி என்று பேசுகிற நமக்கு இதை விளக்கத் தேவையே இல்லை.

எந்தப் புத்தகம் என்று சொல்லாமல் எழுதுவது

"ஜெபப் புத்தகத்தில் இப்படி உள்ளது" என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான். 1549, 1552, 1559, 1662 என்று நான்கையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். அப்பம் கொடுக்கும்போது குருவானவர் சொல்லும் வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

1549ல்: உனக்காகக் கொடுக்கப்பட்ட நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் சரீரம் உன் சரீரத்தையும் ஆத்துமாவையும் நித்திய ஜீவனுக்கென்று காக்கக்கடவது. கையில் இருப்பது சரீரம் என்று பழைய நம்பிக்கைக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆராதனையின் தலைப்பிலேயே, பொதுவாகப் பூசை என்று அழைக்கப்படுவது என்று போட்டிருந்தார்கள்.

1552ல் அது முழுவதும் நீக்கப்பட்டது. கிறிஸ்து உனக்காக மரித்தார் என்று நினைவுகூர்ந்து இதை எடுத்துப் புசி, விசுவாசத்தினால் உன் இருதயத்தில் நன்றியோடு அவரை உட்கொள் என்று மட்டும். "இதை" என்கிறது, எது என்று சொல்லவில்லை. பூசை என்ற சொல் தலைப்பிலிருந்து போயிற்று. மண்டியிட்டு வாங்குவது ஆராதிப்பதாகாது என்ற குறிப்பு ஒன்றைக் கடைசி நேரத்தில் செருகினார்கள்.

1559ல் எலிசபெத் காலத்தில் என்ன செய்தார்கள்? இரண்டையும் ஒட்டவைத்தார்கள். முதலில் 1549ன் வாக்கியம், தொடர்ந்து 1552ன் வாக்கியம். இரண்டு கட்சிக்காரரும் தமக்கு வேண்டிய பாதியைக் கேட்டுக்கொண்டு ஆமென் சொல்லலாம். 1662 அதையே வைத்துக்கொண்டது. ஆங்கிலிக்கன் குணம் என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் இந்த ஒட்டைத்தான் காட்டுவேன்.

இடைவெளிகளையும் மறக்கக் கூடாது. 1553ல் கத்தோலிக்கரான மேரி அரசி வந்து இலத்தீனைத் திரும்பக் கொண்டுவந்தார். 1556 மார்ச் 21ல் ஆக்ஸ்போர்டில் கிரான்மர் எரிக்கப்பட்டார். 1559 ஜூன் 24 வரை புத்தகம் கிடையாது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த 1645ல் நாடாளுமன்றமே அதைத் தடைசெய்தது, மன்னராட்சி திரும்பிய பிறகுதான் மீண்டது. "1549 முதல் இன்றுவரை இடைவிடாமல்" என்ற சொற்றொடரை எங்கே பார்த்தாலும் நான் அடித்துவிடுவேன். எடின்பரோவில் 1637 ஜூலை 23ல் நடந்த கலவரத்தையும் சிலர் ஆங்கில எதிர்ப்பு என்று எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதற்கு முன்பே ஆங்கிலத்தில்தான் வழிபட்டார்கள். அவர்கள் எதிர்த்தது மன்னர் திணித்த முறையை. அன்று ஆலயத்தில் முக்காலி எறிந்ததாகச் சொல்லப்படும் ஜென்னி கெட்டஸ் என்ற பெண்ணின் பெயர் பிந்திய கதைகளில் வருவது.

ஜேம்ஸ் வேதாகமமும் "தௌ"வும்

ஜெபப் புத்தகத்தின் சங்கீதங்கள் 1611ன் ஜேம்ஸ் மன்னர் வேதாகமத்திலிருந்து எடுத்தவை என்று நினைக்கிறார்கள். அவை மைல்ஸ் கவர்டேலின் மொழிபெயர்ப்பு, பெரிய வேதாகமத்தில் இருந்தது. 1662ல் நிருபங்களையும் சுவிசேஷங்களையும் ஜேம்ஸ் பதிப்புக்கு மாற்றியபோதும் சங்கீதத்தில் கைவைக்கவில்லை. நூறு வருடம் பாடி வாய்க்குப் பழகிவிட்டது. கர்த்தருடைய ஜெபத்திலும் அப்படியே. ஆங்கிலிக்கன்கள் சொல்லும் "டிரெஸ்பாசஸ்" என்ற சொல் ஜேம்ஸ் பதிப்பின் மத்தேயுவில் அந்த ஜெபத்துக்குள் இல்லை, அங்கே "டெட்ஸ்", அதாவது கடன்கள்.

"தௌ" (thou) என்ற பழைய ஆங்கில முன்னிலைச் சொல் தேவனுக்கான மரியாதைச் சொல் என்பது தமிழில் எழுதுகிறவர்கள் எளிதாக விழும் பள்ளம். நம் ஜெபங்களில் "நீர்", "உம்முடைய" என்று வருவதால் அதையே அங்கேயும் பார்க்கிறோம். கிரான்மர் காலத்து ஆங்கிலத்தில் "தௌ" ஒருமை. பிள்ளையை, வேலைக்காரரை, நெருங்கினவரை அழைக்கும் சொல், நம் "நீ" போல. மரியாதைக்குச் சொன்னது "யூ". பேச்சிலிருந்து "தௌ" மறைந்து, ஆலயத்தில் மட்டும் மிஞ்சியபோதுதான் அதற்குக் கனம் ஏறியது. ஆழ்வார்களும் நாயன்மார்களும் "நீ" என்றே இறைவனைப் பாடிய மொழி நம்முடையது. கிரான்மரின் சபை தேவனை அழைத்த தொனி அதற்குத்தான் பக்கம்.

தாய்மொழி என்றதும் எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்பது

புரியாத மொழி போய்ப் புரிகிற மொழி வந்தது, ஜனங்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள் என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். நடந்தது வேறு.

1549 ஜூன் 9 ஞாயிறன்று டெவன் மாவட்டத்துச் சாம்போர்டு கோர்ட்னி கிராமத்தில் புதிய முறைப்படி ஆராதனை நடந்தது. மறுநாள் திங்கட்கிழமை ஊரார் திரண்டு, பழைய அங்கியைப் போட்டுப் பழைய பூசையை வையும் என்று குருவானவரைக் கட்டாயப்படுத்தினார்கள். அவர் வைத்தார். அதிலிருந்து கிளம்பிய கூட்டம் கார்ன்வாலில் எழுந்த கூட்டத்தோடு சேர்ந்து, ஜூலை முழுவதும் எக்ஸிட்டர் நகரை முற்றுகையிட்டது. அவர்கள் அனுப்பிய கோரிக்கைகளில் ஒன்று: புதிய ஆராதனை கிறிஸ்துமஸ் விளையாட்டு மாதிரி இருக்கிறது, எங்களுக்கு வேண்டாம். எங்களில் சிலருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே கார்ன்வால்காரராகிய நாங்கள் இந்தப் புதிய ஆங்கிலத்தை முற்றிலும் மறுக்கிறோம்.

கார்னிஷ் மொழி பேசியவர்களுக்கு இலத்தீனும் அந்நியம், ஆங்கிலமும் அந்நியம். இலத்தீனாவது தாத்தா காலத்திலிருந்து பழகியது. ஆனால் இதை முழுக்க மொழிப் போராட்டமாக ஆக்கிவிடுவதும் தவறு, நம் ஊரில் அந்த ஆசை வருவது இயல்புதான் என்றாலும். கலவரம் ஆரம்பித்த டெவன் ஆங்கிலம் பேசிய பகுதி. ஆறு பிரிவுச் சட்டம் திரும்ப வேண்டும், சுரூபங்கள் திரும்ப வேண்டும் என்பதும் கோரிக்கையில் இருந்தது. ஆடுகளுக்கும் துணிக்கும் போட்ட புது வரியும் எரிச்சலில் சேர்ந்துகொண்டது.

கிரான்மர் கோபத்தோடு நீண்ட பதில் எழுதினார். நீதிமன்றத்தில் வக்கீல் உங்கள் வழக்கைப் பிரெஞ்சில் வாதாடினால், புரியவில்லையே என்று முணுமுணுக்கிறீர்கள், தேவனுக்கு முன் உங்கள் வழக்கைப் பேசுகிற குரு உங்களுக்குப் புரியும்படி பேசினால் ஏன் வருத்தம் என்று கேட்டார். நல்ல வாதம். பதிலோடு கூலிப்படையும் போனது. ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். எக்ஸிட்டரை ஒட்டிய புனித தோமா ஆலயத்தின் குருவானவரை அவருடைய பூசை அங்கியோடு அவர் ஆலயக் கோபுரத்திலேயே தூக்கிலிட்டார்கள்.

ஜனங்களுக்குப் புரியாத மொழியில் பொது ஜெபம் செய்வது வேதத்துக்கு விரோதம் என்று இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கை அறிக்கையான 39 பிரமாணங்களில் 24ஆவது சொல்கிறது. வேல்ஸ் மொழியில் புத்தகம் 1567ல் வந்தது. கார்னிஷில் வரவே இல்லை. அயர்லாந்தில் நடந்தது இன்னும் விசித்திரம்: 1551ல் டப்ளினில் அச்சான முதல் புத்தகமே ஆங்கில ஜெபப் புத்தகம்தான். 1560 சட்டம், ஆங்கிலம் தெரியாத குருக்கள் அதே ஆராதனையை இலத்தீனில் நடத்தலாம் என்று அனுமதித்தது. ஐரிஷ் மொழிப் புத்தகம் வர 1608 ஆயிற்று. படிப்பாளிகளுக்கோ ஆரம்பத்திலிருந்தே சலுகை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் காலை மாலை ஜெபத்தை இலத்தீனிலும் கிரேக்கத்திலும் எபிரெயத்திலும் சொல்ல 1549 சட்டமே இடம் கொடுத்தது.

நம் பக்கம் வரும்போது

மலர்க் கட்டுரைகளில் கடைசிப் பத்தி வழக்கமாக, இந்த ஜெபப் புத்தகமே தரங்கம்பாடி வழியாகத் தமிழுக்கு வந்தது என்று முடியும். தரங்கம்பாடி மிஷனைத் தொடங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் லூத்தரைப் பின்பற்றிய லூத்தரன்கள். அவர்கள் தமிழில் நடத்திய ஆராதனை லூத்தரன் முறை. இலண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் சங்கத்தின் பணம் அவர்களுக்கு வந்தது என்பதால் அவர்கள் ஆங்கிலிக்கன் ஆகிவிட மாட்டார்கள். சென்னைக் கோட்டைக்குள் 1680ல் பிரதிஷ்டையான புனித மரியாள் ஆலயத்தில்தான் ஆங்கில ஜெபப் புத்தகம் ஒலித்தது, அதுவும் கும்பினிக்காரர்களுக்காக. தமிழில் அதைப் பெயர்த்தவர்களில் வேப்பேரியில் இருந்த ரோட்லர் முக்கியமானவர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. அவரும் தரங்கம்பாடி லூத்தரன் மிஷனில் வந்த ஆள்தான், செடிகொடி ஆராய்ச்சிக்காரரும்கூட. குழப்பம் வருவது அதனால்தான்.

அவர்கள் மொழிபெயர்க்கக் கையில் எடுத்தது 1662 புத்தகம். அதற்கு முந்தைய புத்தகங்களில் இல்லாத ஒரு முறைமை அதில் உண்டு, வயதுவந்தவர்களுக்கான ஞானஸ்நானம். ஏன் சேர்த்தோம் என்று முன்னுரையில் காரணம் சொல்லியிருக்கிறார்கள். உள்நாட்டுக் குழப்பத்தில் குழந்தை ஞானஸ்நானம் பெறாமல் வளர்ந்தவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது ஒன்று. நம் குடியேற்றங்களில் உள்ள சுதேசிகளுக்குக் கொடுக்க உதவும் என்பது மற்றொன்று. அவர்கள் மனதில் இருந்தது பெரும்பாலும் அமெரிக்கக் கரை. திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக ஜனங்கள் அந்த வார்த்தைகளைத் தமிழில் கேட்டுத் தண்ணீருக்கு முன் நிற்பார்கள் என்று அந்த முன்னுரையை எழுதியவர்கள் நினைத்திருக்க வழியில்லை.